கோசுமெல் தீவில் திருவிழா பார்க்க எந்த மாதம் போகலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: கப்பல் வேலையில் இருக்கிறீர்கள். மெக்சிகோவின் கோசுமெல் தீவில் இருபது தடவைக்கு மேல் இறங்கி ஏறியிருக்கிறீர்கள். அடுத்த விடுப்பில் மனைவியோடு ஒரு வாரம் அங்கேயே தங்க நினைக்கிறீர்கள். உள்ளூர்த் திருவிழா பார்க்க எந்த மாதம் நல்லது, தவக்காலத்துக்கு முன் வரும் கார்னவால் கொண்டாட்டத்தை விட்டால் அங்கே வேறு ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு, நிறையவே உண்டு. ஒரே ஒரு வாரம்தான் கையில் இருக்கிறது என்றால் ஏப்ரல் கடைசியில் போய் மே 3 முடிய இருங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நானும் கப்பல் சமையலறையில் வெங்காயம் உரித்த ஆள்தான். ஆறேழு மணி நேரம் இறங்கிப்போக அனுமதி கிடைக்கும். துறையை விட்டு வெளியே வந்தால் வைரக் கடை, டெக்கீலா கடை, டி-ஷர்ட் கடை. ஓசியில் வைஃபை கிடைக்கிற இடம் தேடி உட்கார்ந்து வீட்டுக்குப் பேசிவிட்டுத் திரும்பிவிடுவோம். இரண்டு வருஷம் எனக்குக் கோசுமெல் என்றால் அந்த ஒரு தெருதான். தீவுக்கு ஆண்டுக்கு நாற்பது லட்சத்தை ஒட்டிக் கப்பல் பயணிகள் வருகிறார்கள். 2020 கணக்கெடுப்பில் அங்கே வாழ்கிறவர்கள் 90 ஆயிரத்துக்கும் குறைவு. அந்தக் கூட்டத்துக்காகப் போட்ட கடைத்தெரு தீவை மறைத்துவிடுகிறது.

தீவின் முக்கிய ஊரான சான் மிகேலில் கடலுக்கு இணையாகப் போகும் சாலைகளுக்கு ஐந்தைந்தாக எண் கொடுத்திருப்பார்கள்: 5, 10, 15, 20 என்று. 30-ஐத் தாண்டி உள்ளே நடந்தால்தான் பள்ளிக்கூடம், டோர்ட்டிய்யா (சோள ரொட்டி) கடை, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கிழவிகள் எல்லாம் கண்ணில் படும். திருவிழாக்களும் அந்தப் பக்கத்து ஆட்களுடையவைதான்.

அவர்கள் யார் என்று தெரிந்தால்தான் திருவிழா புரியும். ஸ்பானியர் வந்த சில ஆண்டுகளிலேயே அம்மை நோய் தீவைத் துடைத்துவிட்டது. அதன்பிறகு நெடுங்காலம் அங்கே நிலையான ஊர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. 1847-இல் எதிரே யுகதான் பெருநிலத்தில் பூர்வகுடிகளான மாயா மக்கள் நிலக்கிழார்களுக்கும் அரசுக்கும் எதிராகக் கிளர்ந்தார்கள். 'சாதிப் போர்' என்று ஸ்பானிய மொழியில் பெயர். அந்தச் சொல்லைப் பார்த்து நம் ஊர் அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். காலனி ஆட்சி மக்களை இன வாரியாக அடுக்கிவைத்த முறையைத்தான் அது குறிக்கிறது. அந்தப் போருக்குப் பயந்து 1848 வாக்கில் படகேறித் தீவுக்குத் தப்பி வந்தவர்கள்தான் இன்றைய பழைய குடும்பங்களின் முன்னோர். அதாவது இது அகதிகள் கட்டிய ஊர்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் காசிமிரோ கார்தெனாஸ். சபான் என்ற ஊரில் கிளர்ச்சிக்காரர்கள் புகுந்தபோது, கோயிலுக்குள் ஒளிந்திருந்த எல்லோரும் வெட்டுப்பட, கையில் ஒரு சின்ன மரச்சிலுவையை இறுகப் பிடித்துக்கொண்டு பிணங்களுக்கு அடியில் கிடந்த இவர் மட்டும் பிழைத்தார் என்பது தீவில் சொல்லப்படும் கதை. உயிர் கொடுத்த சிலுவைக்கு வருஷா வருஷம் விழா எடுப்பேன் என்று நேர்ந்துகொண்டார். தீவின் தென்பாதியில் எல் செட்ரல் என்ற சிற்றூரில் அந்த நேர்த்திக்கடன் தொடங்கியது. அவர் வழிவந்த குடும்பமும் ஊரும் சேர்ந்து இன்றுவரை அதைச் செலுத்துகிறார்கள்.

இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம் வேறொன்று. எதிர்ப்பக்கமும் சிலுவையைத்தான் கும்பிட்டது! 1850-இல் தோற்றுப் பின்வாங்கிய மாயாக் கிளர்ச்சியாளர்களுக்குக் காட்டுக்குள் ஒரு சிலுவை கிடைத்தது. அது 'பேசியது', போரைத் தொடரச் சொன்னது. பேசும் சிலுவையைச் சுற்றியே அவர்கள் தலைநகர் எழுந்தது. இன்றைக்கு அந்த ஊரின் பெயர் ஃபெலிப்பே கரீய்யோ புவெர்த்தோ. அரசுப் படை அதைப் பிடிக்க 1901 ஆகிவிட்டது. தப்பி ஓடியவன் கையிலும் சிலுவை, துரத்தியவன் கையிலும் சிலுவை.

சரி, எல் செட்ரல் விழாவுக்கு வருவோம். சான் மிகேலிலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர் சுமார். வழக்கமான நாளில் போனால் ஒரு சின்ன மாயாக் கோயில், பக்கத்தில் ஒரு தேவாலயம், சில வீடுகள், கோழிகள். பத்து நிமிஷத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஏப்ரல் கடைசி வாரத்தில் அதே இடம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். கூரை வேய்ந்த பந்தல்கள், ராட்டினம், கால்நடைக் கண்காட்சி, குதிரைப் பந்தயம், இரவு முழுக்க ஆட்டம். இன்னொரு பக்கம் ஒன்பது நாள் நவநாள் செபம். கூச்சலுக்கு நடுவே கிழவிகள் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவரை ஒருவர் தொந்தரவாக நினைப்பதாகத் தெரியவில்லை.

முடிவு நாள் மே 3, திருச்சிலுவை நாள். இதில் ஒரு வேடிக்கை. ஸ்பானியத் தளபதி ஹுவான் தே க்ரிஹால்வா 1518-இல் இந்தத் தீவைக் கண்டதும் மே 3 அன்றுதான். அதனாலேயே தீவுக்குச் 'சாந்தா குரூஸ்', புனிதச் சிலுவை, என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. 'தகைவிலான் குருவிகளின் இடம்' என்று பொருள் சொல்லப்படும் மாயாப் பெயரின் சிதைவுதான் நிலைத்தது. நாள் மட்டும் முந்நூறு வருஷம் கழித்து வேறு வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

கடைசி ஆட்டத்துக்குப் பெயர் 'பன்றித்தலை ஆட்டம்'. வேகவைத்த பன்றியின் தலையைத் தட்டில் வைத்து, வாயில் ரொட்டியைச் செருகி, வண்ண ரிப்பன்களைத் தொங்கவிட்டு, தலைமேல் சுமந்துகொண்டு ஆடுவார்கள். மாயா மொழியில் இதை 'போல் கெக்கென்' என்பார்கள். 'போல்' தலை, 'கெக்கென்' பன்றி. முதல்முறை பார்ப்பவருக்குத் திக்கென்று இருக்கும். உங்கள் மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். யுகதான் கிராமங்கள் பலவற்றில் இது நேர்த்திக்கடன் ஆட்டம்.

அந்த ஆட்டத்தின் இசை ஹரானா. யுகதானின் சொத்து என்றால் இதுதான். பெண்கள் வெள்ளைப் பருத்தியில் பூத்தையல் போட்ட மூன்றடுக்கு உடையும் தலையில் பூவுமாக வருவார்கள். ஆண்கள் வெள்ளைக் குவாயபேரா சட்டை, உயர்ந்த குதி வைத்த செருப்பு. இடுப்புக்கு மேல் உடம்பு அசையாது, கால் மட்டும் தரையைத் தட்டித் தட்டிப் பேசும். அசையவில்லை என்பதற்குச் சாட்சியாகத் தலையில் பாட்டிலோ, தட்டு நிறையக் கோப்பைகளோ வைத்து ஆடுவார்கள். நடுவில் யாராவது ஒருவர் 'பொம்பா!' என்று கத்துவார். இசை சட்டென்று நிற்கும். கத்தியவர் நாலு வரியில் எதுகையோடு ஒரு குறும்புச் செய்யுளை எடுத்துவிடுவார், எதிரே நிற்கும் பெண்ணைச் சீண்டுவதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கூட்டம் ஆர்ப்பரிக்க, மறுபடி இசை. எனக்குப் பாதிக்குமேல் புரியாது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன்.

இப்போது கார்னவால். நீங்கள் கேட்ட தொனியில் கொஞ்சம் அலுப்புத் தெரிந்தது, ஆனால் அதை அப்படித் தள்ளிவிட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்தே தீவில் நடந்துவருகிறது. கப்பல் பயணிகளுக்காக யாரும் கண்டுபிடித்ததல்ல. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய நாட்கள் என்பதால் ஈஸ்டரைப் பொறுத்துப் பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும். சனி முதல் செவ்வாய் வரை கடற்கரைச் சாலையில் ஊர்வலம். ராஜா, ராணிக்கு முடிசூட்டு உண்டு; பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு ராஜா, ராணி.

ஊர்வலத்தில் ஆடும் குழுவுக்குக் கொம்பார்சா என்று பெயர். ஒரு தெருவோ, ஒரு குடும்பமோ, ஒரு பள்ளி நண்பர்களோ சேர்ந்து அமைப்பது. மாதக்கணக்கில் துணி தைத்து, இரவுகளில் ஒத்திகை பார்த்து வருவார்கள். அம்மாவும் மகளும் பேத்தியும் ஒரே வரிசையில் ஆடுவதைப் பார்க்கலாம். செவ்வாய் இரவு 'ஹுவான் கார்னவால்' என்ற பொம்மையை எரித்து முடிப்பார்கள். அந்த வருஷத்துப் பாவமெல்லாம் அவன் தலையில். என் குறை ஒன்றுதான்: பீர் விளம்பர வண்டிகளின் ஒலிபெருக்கி. அவை கடந்துபோகும் வரை காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். கடற்கரைச் சாலையில் நிற்காமல், ஊர்வலம் முடிந்து குழுக்கள் உள்தெருக்களுக்குத் திரும்பும் இடத்தில் போய் நில்லுங்கள். களைத்துப்போன இறகுக் கிரீடங்கள் நடைபாதையில் உட்கார்ந்து டாக்கோ தின்னும் காட்சி ஊர்வலத்தைவிட எனக்குப் பிடிக்கும்.

மே மாத முடிவை ஒட்டி இன்னொன்று நடக்கும், 'புனித மாயாக் கடப்பு'. இதற்குப் பின்னணி வேண்டும். ஸ்பானியர் வருமுன் கோசுமெல் ஒரு யாத்திரைத் தலம். நிலவுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் நெசவுக்கும் உரிய தேவி இஷ்சேல். அவளைக் கும்பிட மாயாப் பெண்கள் எதிர்க்கரையிலிருந்து தோணியில் கடல் கடந்து வருவார்களாம். அங்கே குறிசொல்லும் சிலை ஒன்று இருந்ததையும் ஸ்பானியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்: சுட்ட மண்ணால் ஆன, உள்ளே வெற்றாக இருக்கும் சிலை, பின்னால் ஒளிந்து நின்று பூசாரி பேசுவார். பேசும் சிலுவையைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா? முந்நூறு வருஷ இடைவெளியில், தீவில் ஒன்றும் எதிர்ப் பெருநிலத்தில் ஒன்றுமாக, தெய்வம் இரண்டு தடவை வாய் திறந்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அடித்துச் சொல்ல நான் ஆராய்ச்சியாளன் இல்லை. ஆனால் எனக்கு இது தற்செயலாகப் படவில்லை.

அந்த யாத்திரையை 2007-இல் மறுபடி தொடங்கினார்கள். எதிர்க்கரையில் பழைய துறைமுகம் இருந்த இடத்தில் இன்று இருப்பது ஷ்கரெத் என்ற பெரிய கேளிக்கைப் பூங்கா. அதிகாலையில் அங்கிருந்து சில நூறு பேர் மரத்தோணிகளில் துடுப்புப் போட்டுத் தீவுக்கு வந்து, தேவிக்குக் காணிக்கை செலுத்தி, மறுநாள் திரும்புவார்கள். பூங்காக்காரன் நடத்தும் நாடகம் என்று நானும் முதலில் முகத்தைச் சுளித்தேன். உடையும் சடங்கும் பெரும்பகுதி இன்றைக்கு யோசித்து அமைத்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் துடுப்புப் போடுகிறவர்கள் சம்பளக்காரர்கள் இல்லை. ஆசிரியை, கடைக்காரர், டாக்ஸி ஓட்டுநர் என்று தன்னார்வலர்கள். மாதக்கணக்கில் விடியுமுன் கடலில் பயிற்சி எடுப்பவர்கள். தீவுக்கும் கரைக்கும் இடையே வடக்கு நோக்கி இழுக்கும் நீரோட்டம் விளையாட்டில்லை. கரையேறும்போது அவர்கள் உள்ளங்கையைப் பார்த்தால் நாடகம் என்று சொல்ல வாய் வராது. தேவியின் பழைய கோயில்கள் தீவின் நடுவே சான் ஹெர்வாசியோவில் இடிபாடாக இருக்கின்றன. எந்த மாதம் போனாலும் காலையிலேயே போய்வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் கொசுவும் உடும்பும்தான் துணை.

செப்டம்பரில் இரண்டு. 15-ஆம் தேதி இரவு மெக்சிகோ முழுவதும் போலவே ஊர்ச் சதுக்கத்தில் 'வீவா மெஹிக்கோ' முழக்கம், வாணவேடிக்கை. 29-ஆம் தேதி ஊருக்குப் பெயர் கொடுத்த தூய மிக்கேல் விழா. பூமியைத் தோண்டும்போது அவர் சிலை அந்த நாளில்தான் கிடைத்தது என்பது தலப்புராணம். முன்னதாகவே செபமும் ஊர்வலமும் தொடங்கிவிடும். ஆனால் செப்டம்பர் புயல் மாதம். 2005 அக்டோபரில் வில்மா புயல் வந்து தீவின் மேலேயே உட்கார்ந்து அடித்ததை ஊரில் இன்னமும் பேசுவார்கள். எச்சரிக்கை வந்தால் துறையை மூடிவிடுவார்கள், நீங்கள் ஓட்டல் அறையிலேயே விழா கொண்டாட வேண்டியதுதான்.

ஏப்ரல் கிடைக்காவிட்டால் என் இரண்டாவது தேர்வு அக்டோபர் 31 முதல் நவம்பர் 2 வரை. மெக்சிகோவின் இறந்தோர் நாளை எல்லோருக்கும் தெரியும். மண்டையோட்டு முகப்பூச்சு, சாமந்திப்பூ. யுகதான் பக்கம் அதற்குப் பெயர் 'ஹனல் பிஷான்', ஆன்மாக்களின் உணவு. பெயரே சொல்லிவிடுகிறது, இங்கே சமையல்தான் முக்கியம். முதல் நாள் இறந்த குழந்தைகளுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு, மூன்றாம் நாள் எல்லோருக்குமாக. வீட்டைக் கழுவித் துணி துவைத்து முடித்த பிறகே படையல். வருகிற ஆன்மாக்கள் அழுக்கு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டுவிடக் கூடாதாம். உயிரோடிருக்கும் பிள்ளைகள் மணிக்கட்டில் கறுப்பு அல்லது சிவப்பு நூல் கட்டுவார்கள், ஆன்மாக்கள் தவறுதலாக அவர்களைக் கூட்டிக்கொண்டு போகாமலிருக்க.

படையலின் நாயகன் 'பிப்'. மக்காச்சோள மாவு, கோழி, காராமணி மாதிரி ஒரு பயறு, அச்சியோத்தே என்ற சிவப்பு விதை விழுது எல்லாம் சேர்த்துத் தட்டி, வாழை இலையில் கட்டி, குழி வெட்டித் தணலும் கல்லும் போட்டு மண்ணால் மூடி வேகவைப்பது. அந்த வாரம் உள்தெருக்களில் நடந்தால் பாதி எரிந்த வாழை இலை மணம். சமையல்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அடுப்பில் வைத்து அந்த மணத்தைக் கொண்டுவர முடியாது. நான் முயன்று தோற்றிருக்கிறேன். வீட்டு வாசலில் படையல் வைத்திருந்தால் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். மறுப்பவர்கள் குறைவு, சாப்பிடச் சொல்பவர்கள் அதிகம்.

நவம்பர் கடைசியில் அயர்ன்மேன் போட்டி. 2009 முதல் நடக்கிறது. கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு முழு மாரத்தான். இதைத் திருவிழாக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். தீவுக்காரர்கள் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். சைக்கிள்கள் தீவின் தென்பாதியை மூன்று சுற்றுச் சுற்றும்; கிழக்குக் கரையில் மின்கம்பம்கூடக் கிடையாது, எதிர்காற்று மட்டும்தான். ஊருக்குள் நுழைந்ததும் தெருவெல்லாம் சட்டி பானை தட்டும் சத்தம். ராத்திரி கடைசியாகத் தள்ளாடி வருகிறவருக்கும் அதே தட்டல்.

டிசம்பர் 12 குவாதலூப்பே மாதா விழா. இளைஞர்கள் எதிர்க்கரைக்குப் போய், தொலைவிலிருந்து தீப்பந்தம் ஏந்தி ஓடியே ஊர் திரும்புவார்கள். வருஷக் கடைசி இரவில் பழைய துணி திணித்த 'கிழவன்' பொம்மையைப் பட்டாசு வைத்துக் கொளுத்துவார்கள். அதற்கு முன் சில நாள் பிள்ளைகள் கிழவனைக் காட்டிக் காசு வசூலிப்பார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதத்தில் அறை வாடகை எகிறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி போக்குவரத்து. எதிர்க்கரையில் உள்ள ப்ளாயா தெல் கார்மென் ஊரிலிருந்து படகு, முக்கால் மணி நேரம். எல் செட்ரலுக்கு வாடகை ஸ்கூட்டர் வேண்டாம். விழா இரவுகளில் திரும்பி வரும்போது சாலையில் குடித்தவர்கள் ஓட்டுவார்கள். டாக்ஸியில் ஏறுமுன் கட்டணம் பேசிவிடுங்கள், திரும்பி வர நேரமும் சொல்லிவையுங்கள். கையில் பெசோ இருக்கட்டும். பந்தல் கடைகளில் அட்டை எடுபடாது. மே மாத வெயில் நம் ஊர்க்காரருக்குப் பழக்கம்தான், ஆனால் அங்கே காற்றில் ஈரம் அதிகம். மாலை ஐந்துக்கு மேல் போனால் போதும்.

மனைவி சைவம் என்று எழுதியிருந்தீர்கள். அதுதான் சிரமம். பயறுக் கூழில்கூடப் பன்றிக் கொழுப்புச் சேர்த்திருப்பார்கள், வெறும் பயறுதானே என்று நம்பி வாங்க வேண்டாம். 'சின் மன்தேக்கா', கொழுப்பு இல்லாமல், என்ற இரண்டு வார்த்தையை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். மிளகாய்ப்பொடியும் எலுமிச்சையும் தூவிய மாங்காய், ஜிக்காமாக் கிழங்கு, சுட்ட சோளம் எங்கும் கிடைக்கும். முட்டை பரவாயில்லை என்றால் இரவில் தள்ளுவண்டியில் மார்கெசீத்தா: அப்பளம்போல் மெல்லிய தகட்டைச் சூட்டில் வார்த்து, உள்ளே உருண்டை எடாம் சீஸைத் துருவிப்போட்டுக் குழலாகச் சுருட்டித் தருவார்கள். நின்ற இடத்திலேயே தின்றுவிடுங்கள், கடற்காற்றில் ஐந்தே நிமிஷத்தில் நமத்துப்போகும்.